ஒன்றுக்குப் பத்து என்னும் தப்புக் கணக்கு

2024 கோடையில் புதுச்சேரியின் போக்குவரத்து சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிகிற நேரத்திலாவது இரு சக்கர வாகனத்தில் வருகிறவர்கள் வெயிலில் வேகாமல் நிற்கட்டும் என்று செய்த ஏற்பாடு. படங்கள் நாடெங்கும் பரவின. மற்ற ஊர்களிலும் பந்தல்கள் முளைத்தன. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலுக்குப் பலியானவரின் குடும்பத்துக்குப் பேரிடர் நிதியிலிருந்து நிவாரணம் கிடைக்க அதனால் வழி பிறந்தது. இரண்டும் வேண்டியவைதாம். ஆனால், வலை கட்டி நிழல் தர வேண்டிய கதிக்கு நம் சாலைகள் எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் கூடவே கேட்டாக வேண்டும்.

சாலையை அகலப்படுத்தும்போதும், மேம்பாலம் கட்டும்போதும், மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டும்போதும் அதிகாரிகள் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்று நடுவோம். கேட்கிறவருக்கு ஒன்பது மரம் லாபம் என்று தோன்றும். இந்தக் கணக்கு தப்பு. இதை நம்பித்தான் கடந்த கால் நூற்றாண்டில் நம் நெடுஞ்சாலைகளின் நிழலை இழந்தோம்.

சாலை என்றால் நிழலும் சேர்ந்ததுதான் என்பது இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழகிய எண்ணம். மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தருவதற்காக வழிநெடுக ஆலமரங்கள் நட்டதையும், கிணறுகள் வெட்டியதையும் அசோகர் தன் ஏழாம் தூண் சாசனத்தில் பதிவு செய்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளைத் தென்மாவட்டத்து மக்கள் இன்றும் நினைத்துக்கொள்வது அவர் போட்ட சாலைகளுக்காகவும் கட்டிய சத்திரங்களுக்காகவும்தான். நடக்கப் பாதை, இருபுறமும் மரம், தங்கச் சத்திரம், குடிக்கக் கிணறு, தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் என்று எல்லாம் சேர்ந்த ஒரே ஏற்பாடாக அன்றைய சாலை இருந்தது. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது வழக்கம். அந்தக் கற்களைச் சில ஊர்களில் இன்றும் பார்க்கலாம். மேலே கவிந்திருந்த மரம்தான் இருக்காது.

நெடுஞ்சாலைக்குப் புளியைத் தேர்ந்தெடுத்தவர்கள் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். புளி ஆழமாக வேர் விடும், காற்றுக்கு எளிதில் சாயாது, வறட்சியைத் தாங்கும், வெயில் உச்சத்தில் நிற்கும் மாதங்களிலும் தலையில் இலை இருக்கும். காய்க்கத் தொடங்கிவிட்டால் தலைமுறை தலைமுறையாகக் காய்க்கும். நெடுஞ்சாலைத் துறை ஒவ்வொரு மரத்துக்கும் பட்டை அடித்து, எண் எழுதி, ஆண்டுதோறும் புளி மகசூலை ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து உலுக்குவார். ஊர்ப் பெண்கள் ஓடு உடைத்துக் கொட்டை எடுத்துக் கூலி பெறுவார்கள். தன் பராமரிப்புச் செலவைத் தானே சம்பாதித்துத் தந்த மரம் அது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவல் 1966இல் வெளிவந்தது. நாகர்கோவிலில் ஒரு முச்சந்தி மரத்தை வியாபாரப் போட்டியும் அரசியலும் சேர்ந்து சாகடித்த கதையை அறுபது ஆண்டுகள் கழித்துப் படிக்கும்போது, அது ஒரு ஊரோடு முடிந்த கதை இல்லை என்பது புரிகிறது.

நிழலின் மதிப்பு தெரிய வேண்டுமானால், ஏதாவது ஒரு கடைத்தெருவில் முதிர்ந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் காலையிலிருந்து மாலைவரை நின்று பார்க்க வேண்டும். காலையில் நிழல் மேற்கே நீண்டு விழும். இஸ்திரி வண்டி அந்தப் பக்கம் நிற்கும். கரி நிரப்பிய பெட்டியை நாள் முழுக்கக் கையில் பிடித்திருக்கிறவருக்குத் தலைக்கு மேலும் வெயில் அடித்தால் தொழில் செய்ய முடியாது. பொழுது ஏற ஏற வண்டி அடிமரத்தை நோக்கி நகரும். செருப்புத் தைப்பவரின் கோணி, கம்பங்கூழ்ப் பானை, இளநீர்க் குவியல் எல்லாம் அதோடு சேர்ந்து உள்ளே வரும். உச்சிப்பொழுதில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கூரியர் பையை இறக்கிவைத்த இளைஞர் என்று அத்தனை பேரும் ஒரே வட்டத்துக்குள் இருப்பார்கள். பொழுது சாயும்போது இஸ்திரி வண்டி கிழக்குப் பக்கம் போயிருக்கும். யாரும் இடம் குறித்துக் கொடுக்கவில்லை; வாடகை இல்லை; ஒரு மரம் ஒரு தெருவின் பிழைப்பை நடத்திக்கொண்டிருக்கிறது. அந்தி சாயும் நேரத்தில் மரம் தன் இலைகளை மடித்துக்கொள்ளும். கார் வைத்திருப்பவருக்கு இந்த மரம் கண்ணில் படாமலே போகலாம். இதை நம்பியிருப்பவர்கள் கால்நடையாக வருகிறவர்கள், தெருவில் தொழில் செய்கிறவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். சாலைத் திட்டக் கூட்டத்துக்கு இவர்களை யாரும் அழைப்பதில்லை.

இந்த நிழலை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரு தெருக்களில் ஹரிணி நாகேந்திராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. மரமுள்ள தெருப் பகுதியில் பிற்பகல் காற்றின் வெப்பம், மரமில்லாத பகுதியைவிட 5.6 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருந்தது. தார்ப் பரப்பின் வெப்பத்தில் வித்தியாசம் 27.5 டிகிரி வரை போனது. கடலிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவிலேயே இந்த நிலை என்றால், வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் செருப்பில்லாமல் தெருவைக் கடக்கிற ஒரு பிள்ளைக்கு மரத்தின் அருமை என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். இருபது மீட்டர் விரிந்த தலை உள்ள ஒரு புளியமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சாலைப் புளிகளில் இது அபூர்வமான அளவு இல்லை. உச்சிவெயிலில் அது மூடும் தரை சுமார் 314 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 3,400 சதுர அடி. அதை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நடுகிறோம். பத்தும் பிழைத்து, சில ஆண்டுகளில் ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தலை விரித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கன்று மூடுவது சுமார் 3 சதுர மீட்டர். பத்துக்கும் சேர்த்து 31. இழந்ததில் பத்தில் ஒரு பங்குதான் கைக்கு வந்திருக்கிறது. ஈடுகட்ட வேண்டுமானால் நூறு கன்றுகள் வேண்டும். நூறும் பிழைக்க வேண்டும். அதே சாலையில் நிற்க வேண்டும். நடப்பது வேறு. கன்றுகள் பெரும்பாலும் வேறெங்கோ, ஏதாவது புறம்போக்கில் நடப்படுகின்றன. முதல் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. அகலப்படுத்திய சாலையின் நடுத்திட்டில் அரளி வைக்கிறார்கள். எதிரே வரும் வண்டியின் விளக்கொளி கண்ணில் அடிக்காமல் இருக்க அது உதவும். அதன் கீழே ஒரு ஆட்டுக்குட்டிகூட ஒதுங்க முடியாது.

விலை போடும் முறையும் இதே குறையுடையது. வெட்ட முடிவு செய்த மரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் அளந்து, எத்தனை கன அடி மரம், எத்தனை டன் விறகு என்று மதிப்பிட்டு ஏலம் விடுகிறார்கள். கிளைகளை முதலில் கழிப்பார்கள். பிறகு ஜேசிபி அடிமரத்தைச் சுற்றித் தோண்டி வேரை அறுக்கும். கயிறு கட்டி இழுப்பார்கள். மூன்று நான்கு தலைமுறை நின்ற மரம் ஒரே முற்பகலில் லாரி ஏறிவிடும். உயிரோடு இருந்தபோது அது தந்ததற்கு அந்த மதிப்பீட்டுத் தாளில் கட்டமே கிடையாது.

அந்தக் கட்டத்தைச் சேர்க்க ஒருமுறை முயற்சி நடந்தது. இந்திய நீதித்துறை வரலாற்றில் முக்கியமானது என்று நான் நினைக்கும் அந்த முயற்சி மேற்கு வங்கத்தின் ஜெஸ்ஸோர் சாலையைப் பற்றியது. கொல்கத்தாவிலிருந்து வங்கதேச எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலை அது. காளி போத்தார் என்ற ஜமீன்தார், தன் தாய் கங்கையில் நீராடப் போகும் வழிக்கு நிழல் வேண்டும் என்று 1840களில் மரம் வைத்தார் என்பது அங்கே வழங்கும் கதை. 1971 போரின்போது கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளின் கூட்டம் இந்தச் சாலையை நிறைத்தது. அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் அந்தத் துயரத்தை நேரில் பார்த்து எழுதிய கவிதையின் தலைப்பிலேயே இந்தச் சாலையின் பெயர் இருக்கிறது.

ரயில்வே மேம்பாலங்களுக்காக இந்தச் சாலையில் 356 மரங்களை வெட்ட 2018இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மரத்தின் விலை என்ன என்று கண்டறிய நீதிமன்றம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 2021 பிப்ரவரியில் வெளியான அந்தக் குழுவின் அறிக்கை, ஒரு மரத்தின் மதிப்பை அதன் வயதோடு 74,500 ரூபாயைப் பெருக்கிப் பார்க்கலாம் என்றது. பிராண வாயு, உரம், இன்னபிற நன்மைகளை ஆண்டுக் கணக்கில் சேர்த்து வந்த தொகை அது. அந்த அளவுகோலின்படி நூறு ஆண்டை வெகுவாகக் கடந்த மரம் ஒரு கோடி ரூபாயைத் தாண்டிவிடும். வெட்டப்படவிருந்த மரங்களின் மொத்த மதிப்பு பல கோடி ரூபாய்க்குப் போனது. மரத்தை வெட்டாமல் மாற்று வழி அமைக்க முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்றும் குழு சொன்னது.

அந்தத் தொகை சரியா, கூடுதலா என்று வாதம் செய்யலாம். ஆல் ஒன்று, அரசு ஒன்று, தூங்குமூஞ்சி ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே விலை எப்படி என்று கேட்பதும் நியாயம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வயது கூடக் கூட மதிப்பு கூடும் என்ற விதியை ஒரு நிபுணர் குழு நீதிமன்றத்தின் முன் எழுதி வைத்தது. ‘வயதான மரம், எப்படியும் விழத்தான் போகிறது, வெட்டிவிடலாம்’ என்று நம் அலுவலகங்களில் சாதாரணமாகச் சொல்லப்படும் வாதத்தை அது தலைகீழாகத் திருப்பியது. ஆனாலும் முடிவு மரங்களுக்குச் சாதகமாக வரவில்லை. ரயில் கடவுகளில் உயிர்கள் பலியாவதும் நெரிசலும் எடுத்துச் சொல்லப்பட்டன. 2023 பிப்ரவரியில் 356 மரங்களையும் வெட்டத் தந்த அனுமதியை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு சொல்வதைத் தட்டிக்கழிக்க முடியாது. சாலையோர மரத்தில் மோதிச் செத்தவர்கள் உண்டு. குறுகிய சாலையில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதிச் செத்தவர்கள் அதைவிட அதிகம். ஹைதராபாத்திலிருந்து பீஜாப்பூர் போகும் நெடுஞ்சாலையில், செவெள்ளா வழியாகச் செல்லும் சுமார் 46 கிலோமீட்டர் பகுதியில் 900க்கும் மேற்பட்ட ஆலமரங்கள் இருபுறமும் நிற்கின்றன. நான்கு வழிச் சாலைத் திட்டத்தில் அவை போகவிருந்தபோது மக்கள் ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, பதிவு செய்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். பெரும்பாலான மரங்களைக் காப்பாற்றும்படி திட்டம் மாற்றி வரையப்பட்டது. அந்தச் சமயத்தில்தான், 2025 நவம்பரில், அந்தச் சாலையில் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று அரசுப் பேருந்தில் மோதிப் பலர் இறந்தார்கள். சாலை இத்தனை நாள் அகலமாகாமல் கிடந்ததற்கு மரத்துக்காகப் போராடியவர்கள்தான் காரணம் என்று கோபம் அவர்கள் மேல் பாய்ந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்தவரின் கோபத்துக்கு முன் புள்ளிவிவரம் பேச முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் தாமதமானது யாரால்? முதல் வரைபடத்திலேயே மரத்தை வைத்துக்கொண்டு சாலையை எப்படிப் போடலாம் என்று யோசித்திருந்தால் வழக்கே வந்திருக்காது. கடைசியில் செய்த மாற்றத்தை முதலிலேயே செய்திருக்கலாம். பழைய சாலையை அதன் மரங்களோடு ஒரு வழியாக விட்டுவிட்டு, மர வரிசைக்கு வெளியே இன்னொரு வழியைப் போடுவது பொறியியலுக்குப் பெரிய சவால் இல்லை. நிலம் எடுக்க வேண்டும், செலவு கூடும் என்பார்கள். வீடு குறுக்கே வந்தால் இழப்பீடு தருகிறோம். உயர் அழுத்த மின்கம்பி வந்தால் கம்பத்தை மாற்றி நடுகிறோம். கோயில் வந்தால் பல இடங்களில் சாலையையே வளைக்கிறோம். மரம் குறுக்கே வரும்போது மட்டும் செலவில்லாத வழியைத் தேடுகிறோம்.

கோயில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வயதான மரங்கள் பிழைத்திருப்பது பெரும்பாலும் சாமியின் தயவில்தான். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் புன்னை, காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் மா, ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்த புளி ஆகியவற்றின் மேல் கோடரி வைக்க யாருக்கும் துணிவு வராது. சாலையோரத்திலும் மக்கள் இதே உபாயத்தைக் கையாளுகிறார்கள். மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, அடியில் ஒரு சூலம் நட்டு, குங்குமம் வைத்துவிட்டால் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தயங்குவார்கள். மக்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே சட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் இதை நான் பார்க்கிறேன். குடியரசில் ஒரு மரம் பிழைக்கச் சூலம் தேவைப்படக் கூடாது.

புகழ்பெற்ற மரம் என்றால் நம்மால் எவ்வளவு அக்கறை காட்ட முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஹவுராவின் தாவரவியல் பூங்கா 1787இல் தொடங்கியது. அங்கே உள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் புயல்களில் அடிபட்டு, பூஞ்சை பிடித்து அழுகிப்போக, 1925இல் அதை வெட்டி எடுத்தார்கள். மரம் சாகவில்லை. ஆயிரக்கணக்கான விழுதுகளின் மேல் நான்கு ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் இன்றும் நிற்கிறது. சுற்றிப் பார்க்க வருவோருக்காக 330 மீட்டர் நீளத்துக்கு ஒரு வட்டச் சாலை போட்டார்கள். அதையும் தாண்டி மரம் வெளியே போய்விட்டது. புது விழுதுகள் காற்றில் ஆடி ஒடிந்துவிடாமல் மூங்கில் குழாய்க்குள் விட்டு மண்ணுக்கு இறக்கும் வேலையைப் பூங்கா ஊழியர்கள் செய்கிறார்கள். ஆந்திரத்தில் கதிரி அருகே இருக்கும் திம்மம்மா மர்ரிமானு அதைவிடவும் பெரியது. 1989இல் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. நம் அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரமும் 1989 புயலில் தாய்மரத்தை இழந்தது. விழுதுகள் தாங்கிக்கொண்டன.

தெலங்கானாவின் மகபூப்நகரில் பில்லலமர்ரி என்ற ஆலமரம் இருக்கிறது. வயது எழுநூறு இருக்கும் என்கிறார்கள். கரையான் அரித்துக் கிளைகள் ஒடிந்து விழத் தொடங்கியபோது, 2018இல் வனத்துறையினர் அதற்குச் செய்த சிகிச்சை உலகச் செய்தியானது. முதலில் தண்டில் துளையிட்டுப் பூச்சிமருந்து ஊற்றினார்கள். மருந்து வெளியே வழிந்துவிட்டது. பிறகு நூற்றுக்கணக்கான சலைன் பாட்டில்களில் நீர்த்த குளோர்பைரிபாஸை நிரப்பி, கிளைகளில் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக மரத்துக்குள் இறக்கினார்கள். சாயும் கிளைகளுக்குக் கான்கிரீட் தூண் முட்டுக் கொடுத்தார்கள். பார்வையாளர்களைத் தடுத்தார்கள். மரம் பிழைத்தது. ஒரு மரத்துக்கு இத்தனை செய்யத் தெரிந்த அரசு இயந்திரம்தான், பக்கத்து நெடுஞ்சாலையில் நிற்கும் வயதான மரத்தை விறகு எடையாகப் பார்க்கிறது. பெயர் பெற்ற ஒரு மரத்தைப் போய்ப் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலா போகிறோம். தினமும் நம் தலைக்கு மேல் நிற்பவை பெயரில்லாத மரங்கள்.

வெட்டாமலே கொல்வதும் நடக்கிறது. அநேகமாக எந்த ஊரின் பழைய தெருவிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். மரத்தின் கழுத்துவரை தார் அல்லது பேவர் கல் ஏறியிருக்கும். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கின்றன. கிளை விரிவுக்கும் வெளியே அவை போகும். மேலே காற்றும் தண்ணீரும் புகாமல் மூடிவிட்டால் அவை மூச்சுத் திணறிச் சாகும். மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் முழுக்க அறுபடும். ஒருபக்க வேரில் நிற்கும் மரத்தின் மேல் டியூஷன் சென்டர் விளம்பரத்தை ஆணி அடித்து மாட்டுகிறோம். அடியில் குப்பையைக் கொளுத்துகிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. குல்மொஹர், பெருங்கொன்றை போன்ற சீக்கிரம் வளரும் வெளிநாட்டு வகைகள் அதிகம் சாய்ந்தன என்று பேசினோம், அது உண்மையே. வேரை யார் அறுத்தார்கள் என்பதை அந்த அளவுக்குப் பேசவில்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லியின் அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. ஒரு முதிர்ந்த மரத்துக்கு ஒரு மீட்டர் போதாது. நம் தெருக்களில் அந்த ஒரு மீட்டரும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மலைப் பகுதிகளுக்காக 1955இலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. சமவெளியின் நகரங்களுக்கு அதுபோல ஒன்றை இயற்றவில்லை. கர்நாடகத்தில் 1976 முதல் சட்டம் இருக்கிறது. ஐம்பது மரங்களுக்கு மேல் வெட்ட வேண்டுமானால் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். பெங்களூருவில் 812 மரங்களைப் பலி வாங்கவிருந்த எஃகு மேம்பாலத் திட்டத்தை 2017இல் அரசு கைவிட்டதற்கு மக்கள் போராட்டம் காரணம் என்றாலும், கேள்வி கேட்கும் உரிமை அங்கே பழகியிருந்ததும் ஒரு காரணம். டெல்லிக்கு 1994இல் சட்டம் வந்தது. மகாராஷ்டிரம் தன் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தை 2021இல் திருத்தி, ஐம்பது வயது கடந்த மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என்று அறிவித்தது. அப்படி ஒரு மரத்தை வெட்டினால் அதன் வயது எவ்வளவோ அவ்வளவு கன்றுகள் நட வேண்டும்; அவற்றை ஏழு ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். இங்கேயும் கன்றுக் கணக்குதான். ஆனாலும் வயது என்ற ஒன்று கணக்குக்குள் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2021 முதல் மாநில அளவிலும், ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட அவற்றின் அனுமதி வேண்டும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் இது அரசாணையால் வந்தது. சட்டத்தின் வலு இதற்கு இல்லை. குழுவின் முன் விண்ணப்பம் வரும்போது சாலை வரைபடம் முடிவாகி, ஒப்பந்தமும் போட்டாகியிருந்தால், வெட்டலாமா என்ற கேள்விக்கே அங்கே இடமிருக்காது. எத்தனை கன்று நடுவது என்பதுதான் மிஞ்சும்.

அரசிடம் கேட்பது இதுதான். சமவெளிக்கும் ஒரு மரச் சட்டம் கொண்டுவாருங்கள். நெடுஞ்சாலைத் துறை ஒரு காலத்தில் ஒவ்வொரு புளிக்கும் எண் கொடுத்துப் பதிவேடு வைத்திருந்ததைப்போல, ஐம்பது வயது கடந்த ஒவ்வொரு சாலை மரத்துக்கும் அதன் இனம், சுற்றளவு, நிழல் பரப்பு ஆகியவற்றோடு பதிவேடு வையுங்கள். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் சாலையில் இன்னும் மிஞ்சியிருக்கும் புளிகளிலிருந்து அதைத் தொடங்கலாம். இழப்பீட்டைச் சதுர மீட்டர் நிழலில் கணக்கிடுங்கள். அதை அதே சாலையில், அதே ஊரில் திருப்பித் தரச் சொல்லுங்கள். சாலையை வளைக்கவே முடியாது என்று எழுத்தில் நிரூபிக்கும் பொறுப்பு திட்டப் பொறியாளருடையதாக இருக்கட்டும். புதிதாக நடுவதற்கும் நம்மிடம் வழிமுறை இருக்கிறது: ஆலையும் அரசையும் கன்றாக வைத்து ஆட்டுக்குப் பறிகொடுக்காமல், ஆள் உயரத்துக்கு மேல் கிளையை வெட்டி, நுனியில் சாணி அப்பி, மழைக்கு முன் போத்தாக நட்டால் முதல் நாளே ஆட்டின் வாய்க்கு எட்டாது. சென்னையில் ‘நிழல்’ போன்ற அமைப்புகள் நம் மண்ணின் மரங்களை மக்களுக்கு அடையாளம் காட்டிப் பழக்கிவருகின்றன. அவர்களையும், அவர்களைப்போல ஒவ்வொரு ஊரிலும் இருப்பவர்களையும் பசுமைக் குழுக்களில் உட்கார வையுங்கள்.

வாசகரிடம் கேட்பது ஒன்று. உங்கள் சாலையில் அளவெடுக்கும் ஆட்கள் வந்து மரங்களில் புதிதாகக் குறி போட்டால், அன்றே மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். பசுமைக் குழுவின் அனுமதி நகலையும் சாலையின் வரைபடத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம். மரத்தை வெட்ட ஒரு முற்பகல் போதும். அதனால் குறி போட்ட அன்றே கேளுங்கள்.